ஆளைச் சொல்லாதே, ராத்திரியைச் சொல்லு: வேறு வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களை மோதவிடுவது எப்படி?

திருநெல்வேலிப் பேட்டையில் எனக்கு ஒரு லேத் பட்டறை. சாயங்காலம் மெஷினை நிறுத்திவிட்டு இரும்புத் தூளைக் கூட்டித் தள்ளும் நேரத்துக்குச் சரியாக என் அக்கா மகன் வந்துவிடுவான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கேள்விதான்.

"மாமா, டைசனும் அலியும் மோதினா யாரு ஜெயிப்பா?"

"எந்த டைசன், எந்த அலின்னு மொதல்ல சொல்லுல."

ஒவ்வொரு தடவையும் இங்கேதான் ஆரம்பிக்கிறோம். படையில் இருந்தபோது 60 கிலோ எடையில் நான் கையுறை மாட்டியவன். ஊருக்குத் திரும்பிய பிறகு, நடக்காத சண்டைகளை எழுதிப் பார்க்கவென்றே ஒரு நீளநோட்டு போட்டேன். இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. டீக்கடையில் இரண்டு நிமிடத்தில் தீர்ப்பு சொல்கிற விஷயத்துக்கு எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. அந்த ஒரு வாரத்தில் என்ன செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னான் மருமகன். அதுதான் இது.

முதல் வேலை, தேதியை எழுதுவது. பெயரை மட்டும் எழுதினால் கணக்கு ஓடாது. ஜோ லூயிஸையும் மாக்ஸ் ஷ்மெலிங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1936 ஜூனில் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் ஷ்மெலிங் 12-வது ரவுண்டில் லூயிஸைச் சாய்த்தார். லூயிஸ் ஜாப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) போட்டுவிட்டு இடது கையைத் தாழ்வாகத் திரும்பக் கொண்டுவருகிறார் என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடைவெளியில் வலக்கையை இறக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு வருஷம் கழித்து, 1938 ஜூன் 22 அன்று, அதே மைதானத்தில் அதே இருவர். 124 விநாடியில் சண்டை முடிந்துவிட்டது, இந்தத் தடவை விழுந்தவர் ஷ்மெலிங். நிஜமாக மோதிய இரண்டு பேருக்கே ராத்திரி மாறினால் முடிவு மாறுகிறது. ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு பேருக்குத் தேதி இல்லாமல் எப்படித் தீர்ப்பு சொல்வது?

முகமது அலி ஒரே ஆள் கிடையாது. 1967-ல் ராணுவத்தில் சேர மறுத்து உரிமத்தை இழப்பதற்கு முன்னால் இருந்தவர் கால் வேகத்தை வைத்துச் சண்டை போட்டவர். மூன்றரை வருஷம் ரிங்குக்குள் கால் வைக்காமல் 1970 அக்டோபரில் திரும்பி வந்தவர் வேறு ஆள். 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஃபோர்மேனின் அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு எட்டாவது ரவுண்டில் அவரை விழத்தட்டியவர், கால் வேகம் போன பிறகு தாடையையும் மூளையையும் வைத்து ஜெயித்தவர். யாரைக் கூப்பிடுகிறோம் என்று தெரியாமல் அழைப்பிதழ் எழுதக்கூடாது.

தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பார்க்க அழகான ராத்திரியைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். அலிக்கு 1966 நவம்பர் 14, ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த சண்டை. மைக் டைசனுக்கு 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டியில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்கவைத்த சண்டை. பார்க்கப் பார்க்கத் திகட்டாது, நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் வில்லியம்ஸ் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். ஸ்பிங்க்ஸ் லைட் ஹெவி என்ற சின்ன எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர், அன்றைக்கு முகத்திலேயே பயம் தெரிந்தது. எதிரில் நிற்பவர் பாதி ஆளாக இருக்கும்போது முழு ஆளின் அளவு தெரியாது. அதனால் இரண்டாவது வரியில், அந்த ராத்திரிக்குப் பக்கத்தில் அவர் வியர்த்து ஜெயித்த ஒரு சண்டையையும் சேர்த்து எழுதுங்கள். அலிக்கு நான் எழுதுவது 1966 மார்ச்சில் ஜார்ஜ் சுவாலோவோடு போன 15 ரவுண்டு. டைசனுக்கு 1987 ஆகஸ்டில் டோனி டக்கரோடு போன 12 ரவுண்டு. ஆளின் உண்மையான அளவு அந்த மாதிரிச் சண்டைகளில்தான் இருக்கிறது.

அடுத்தது சட்டம். பாதிப் பேர் இதைத் தொடுவதேயில்லை, எனக்கு மனசு ஆறாத இடமும் இதுதான்.

எங்கள் பக்கத்துக்குக் கபடியை வைத்துச் சொன்னால் உடனே புரியும். மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் ஆடினார். அவரை இன்றைக்கு டிவியில் வரும் ரைடர்களோடு ஒப்பிட்டு ஊரில் சண்டை போடாத பொங்கல் கிடையாது. உடனே ஒரு பெரியவர் கேட்பார்: "மண்ணுலயா, மேட்லயா?" மண்ணில் வெறுங்கால், மேட்டில் ஷூ. கட்டாயம் புள்ளி எடுத்தே ஆகவேண்டிய மூன்றாவது ரைடு இப்போது உண்டு. தளமும் சட்டமும் மாறினால் உடம்பு பழகும் விதமே மாறிப்போகும். கபடிக்கு இவ்வளவு நியாயம் பார்க்கிறவர்கள் குத்துச்சண்டை என்று வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.

குத்துச்சண்டையில் மண், மேட் மாதிரி இருப்பது 15 ரவுண்டும் 12 ரவுண்டும். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியோடு மோதிய கொரியாக்காரர் கிம் டுக் கூ, 14-வது ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்துபோனார். அதன் பிறகுதான் உலகப் பட்டச் சண்டைகள் ஒவ்வொரு அமைப்பாக 12 ரவுண்டுக்கு இறங்கின. 1980-கள் முடிவதற்குள் 15 ரவுண்டு மறைந்துவிட்டது. அந்தக் கடைசி மூன்று ரவுண்டில் எவ்வளவு வரலாறு இருந்தது என்று பாருங்கள். 1941-ல் பில்லி கான் 12 ரவுண்டு முடிந்தபோது லூயிஸைவிட முன்னால் இருந்தார், 13-ல் விழுந்தார். 1952-ல் ஜெர்சி ஜோ வால்காட் மூன்று நடுவர்கள் கணக்கிலும் மார்சியானோவை முந்தியிருந்தார், 13-ல் மார்சியானோவின் ஒரே வலக்கையில் விழுந்தார். 1981-ல் டாமி ஹார்ன்ஸ் மூன்று நடுவர்களிடமும் முன்னால், 14-ல் லெனார்டு சண்டையை நிறுத்தவைத்தார்.

"அப்போ மார்சியானோவோட 49-0, 12 ரவுண்டு சட்டத்துல இல்லன்னு சொல்லுதீயளா?" என்று மருமகன் கேட்டான். அவனுக்கு மார்சியானோ என்றால் உயிர். 49 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்றதே இல்லாத ஆள் என்பதால்.

அப்படியும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 12 ரவுண்டுதான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ பத்தாவது ரவுண்டிலேயே வெறிகொண்டு இறங்கியிருப்பார். கானும் 13-ல் நாக்அவுட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் மாட்டினார், கடைசி ரவுண்டு அது என்றால் சுற்றிச் சுற்றி ஓடியிருப்பார். சட்டம் மாறினால் முடிவைத் திருத்துவது சரியான வழியாகாது. சண்டையை முதல் மணியிலிருந்து மறுபடி நடத்திப் பார்க்கவேண்டும்.

ஆகவே மோதலுக்கு முன்னால் ஒரு பக்கத்தில் இவ்வளவும் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை ரவுண்டு, கையுறை எத்தனை அவுன்ஸ், எடை பார்ப்பது அன்று காலையிலா முந்தின நாளா, விழுந்தவன் எழும்போது அடித்தவன் எங்கே நிற்கவேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். 1919 ஜூலை 4-ல் ஜாக் டெம்ப்ஸி, தன்னைவிட ஏறக்குறைய 25 கிலோ கூடுதலான ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டில் ஏழு தடவை தரையில் போட்டார். வில்லார்டு முழங்காலை ஊன்றி எழும்போதே பக்கத்தில் நின்று அடுத்த அடியைப் போட அன்று தடை இல்லை. இன்றைய ரெஃப்ரி டெம்ப்ஸியைத் தூர மூலைக்கு அனுப்பியிருப்பார். டெம்ப்ஸியை இன்றைக்குக் கூட்டிவந்தால் அவர் கையிலிருந்து ஒரு ஆயுதத்தைப் பிடுங்குகிறோம் என்று தெரிந்தே கூட்டிவர வேண்டும்.

எடை பார்க்கும் நேரத்தின் அருமை எனக்கு உடம்பால் தெரியும். படையில் ஒரு போட்டிக்குக் காலையில் எடை, மத்தியானம் சண்டை. அரை கிலோ கூடுதலாக இருந்தேன். முந்தின நாள் முழுக்கத் தண்ணீர் தொடாமல் எடையைக் காட்டிவிட்டேன், இரண்டாவது ரவுண்டில் முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. 1980-கள் வரை தொழில்முறையிலும் சண்டை நாள் காலையில்தான் எடை. இப்போது முந்தின நாளே பார்த்துவிட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீரும் சோறும் ஏற்றிக்கொண்டு பல கிலோ கூடுதலாக ஏறுகிறார்கள். அதனால் பழைய வெல்டர்வெயிட் எடைப் பிரிவும் இன்றைய வெல்டர்வெயிட் பிரிவும் பெயரில்தான் ஒன்று. நோட்டில் நான் ரிங்கில் ஏறும்போது இருக்கும் எடையைத்தான் எழுதுவேன்.

வெயிலையும் எழுதுங்கள். நம் ஊர்க்காரனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்திரியில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் மத்தியானம் நாலு ரவுண்டு ஓடியவனுக்குத் தெரியும். 1952 ஜூன் 25-ல் சுகர் ரே ராபின்சன், தன்னைவிடக் கனமான ஜோயி மாக்ஸிமை யாங்கி ஸ்டேடியத்தில் சந்தித்தார். ராத்திரியிலும் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய புழுக்கம். பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு ரெஃப்ரியே தாங்கமுடியாமல் வெளியேறி வேறொருவர் உள்ளே வந்தார். முன்னணியில் இருந்த ராபின்சன் 14-வது ரவுண்டுக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. அவருடைய நீண்ட வாழ்க்கையில் உடம்பு தாங்காமல் நின்றது அந்த ஒரு தடவைதான். மாக்ஸிம் அவரை அடித்துச் சாய்த்தார் என்று எந்தப் பட்டியல் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உயரம், கை நீளம், எடை எல்லாம் எங்கும் கிடைக்கும் எண்கள், சீக்கிரம் எழுதிவிட்டு நகருங்கள். மார்சியானோவுக்கு 84 கிலோ பக்கம், கை நீளம் 68 அங்குலம். லெனாக்ஸ் லூயிஸுக்கு ஆறடி ஐந்தங்குலம், 110 கிலோ பக்கம். இந்த இரண்டு பேரை மோதவிட்டு மார்சியானோவை ஜெயிக்கவைப்பது பாசம், கணக்கில்லை. "இன்னைக்கிப் பொறந்திருந்தா அவரும் பெருசா வளந்திருப்பாரு" என்று மருமகன் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. வளர்ந்த மார்சியானோ என்பவர் யாரும் பார்க்காத ஆள். ஆனாலும் பெரியவன்தான் ஜெயிப்பான் என்று சட்டம் போட்டுவிடாதீர்கள். 2024 மே மாதம் ரியாத்தில் ஓலெக்சாண்டர் உசிக், தன்னைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் உயரமான டைசன் ஃப்யூரியை ஜெயித்தார், டிசம்பரில் மறுபடியும் ஜெயித்தார். உசிக் குத்தோடு காலையும் கோணத்தையும் கொண்டுவந்தார். சின்னவனிடம் அந்த மாதிரி என்ன இருக்கிறது என்று தேடுங்கள், இல்லாவிட்டால் தயங்காமல் பெரியவனுக்கே எழுதுங்கள்.

இனி நான் கண்டுபிடித்ததிலேயே உபயோகமான வேலை. அதற்கு நான் வைத்த பெயர் 'ஒத்த ஆள்'. லேத்தில் ஒரு பழைய தேய்ந்த பாகத்துக்கு அளவு கிடைக்காவிட்டால், அதோடு சேர்ந்து ஓடிய பாகத்தை அளந்து கண்டுபிடிப்போம். அதே வேலைதான். டைசன் அலியைச் சந்தித்ததில்லை. அலி மாதிரி யாரைச் சந்தித்தார்? அலி டைசன் மாதிரி யாரைச் சந்தித்தார்?

அவனை இவன் ஜெயித்தான், இவனை இன்னொருவன் ஜெயித்தான், ஆகவே என்று சங்கிலி போடுவது இதற்குள் வராது. 1971-ல் ஃப்ரேசியர் அலியை ஜெயித்தார். 1973-ல் நார்ட்டனும் அலியை ஜெயித்தார், தாடையையே உடைத்து. ஃபோர்மேன் அந்த இரண்டு பேரையும் இரண்டிரண்டு ரவுண்டில் முடித்தார், ஃப்ரேசியரை ஆறு தடவை விழவைத்து. சங்கிலிக் கணக்குப்படி கின்ஷாசாவில் அலி உயிரோடு திரும்பியிருக்கக் கூடாது. நடந்தது எல்லோருக்கும் தெரியும். முன்னால் வந்து முட்டுகிறவன் ஃபோர்மேனுக்குத் தீனி. பின்னால் சாய்ந்து களைக்கவைக்கிறவன் அவருக்கு விஷம். ஆகவே பார்க்கவேண்டியது யார் யாரை ஜெயித்தார் என்பதைவிட, எந்த மாதிரி ஆளிடம் எந்த மாதிரிச் சிரமப்பட்டார் என்பது.

டைசன் பக்கம் பாருங்கள். டோனி டக்கர் ஆறடி ஐந்தங்குலம், முதல் ரவுண்டிலேயே ஒரு இடது அப்பர்கட்டில் (கீழிருந்து மேலே போடும் குத்து) டைசனை அசைத்தார், கடைசிவரை நின்று புள்ளியில்தான் தோற்றார். போன்கிரஷர் ஸ்மித் 12 ரவுண்டும் கட்டிப்பிடித்தே ஓட்டினார். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ், நீளமான ஜாப், அதன் பின்னால் வலக்கை, கிட்டே வந்தால் பிடி என்று பத்தாவது ரவுண்டில் முடித்தார். டோக்கியோ டைசன் பயிற்சியில்லாத டைசன்தான், அதனால் அந்த முடிவை எடுக்காமல் வழியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அலி பக்கம்: இடது ஹூக் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) போடுகிற, குனிந்து உள்ளே நுழைகிற ஆள் அவருக்கு வாழ்க்கை முழுக்க முள். 1963-ல் லண்டனில் ஹென்றி கூப்பர் ஒரு இடது ஹூக்கில் உட்காரவைத்தார். 1971-ல் 15-வது ரவுண்டில் ஃப்ரேசியரின் இடது ஹூக் மல்லாத்தியது. காரணம் ஒன்றுதான். அலி கையைத் தாழ்த்தி வைத்து, தலையை நேராகப் பின்னுக்கு இழுப்பார். 1966-ல் அந்த இழுப்புக்குக் கால் துணை இருந்தது, 1971-ல் இல்லை. ஆனால் 1974 ஜனவரியில் ஃப்ரேசியரை மறுபடி சந்தித்தபோது, உள்ளே வந்தவரின் பிடரியைப் பிடித்து அமுக்கியே நேரத்தைக் கடத்தி ஜெயித்தார். இந்தத் தந்திரம் டைசனிடமும் செல்லும், ஸ்மித்தே அதைக் காட்டிவிட்டார்.

படம் பார்ப்பது பற்றிக் கொஞ்சம். சத்தத்தை அணைத்துவிடுங்கள். வர்ணனையாளர் கத்துவதை வைத்து அடியின் கனத்தை அளக்கிறோம் என்பது நமக்கே தெரியாது. ஒரு ரவுண்டில் காலை மட்டும் பாருங்கள், அடுத்த தடவை அதே ரவுண்டில் தலையை மட்டும். ஜாக் ஜான்சன், டெம்ப்ஸி காலத்துப் படங்கள் கையால் சுற்றிய கேமராவில் எடுத்தவை, பல பிரதிகள் நிஜத்தைவிட வேகமாக ஓடும். வெட்டுப்படாத ஒரு ரவுண்டு கிடைத்தால் கடிகாரத்தை வையுங்கள். மூன்று நிமிடம் ஓடவேண்டியது இரண்டே கால் நிமிடத்தில் முடிந்தால், அந்த ஆளின் கைவேகத்தை அதற்கேற்பக் குறைக்கவேண்டும். ராபின்சனிடம் எனக்கு வேறு துக்கம். அவர் வெல்டர்வெயிட்டில் உச்சத்தில் இருந்த 1940-களின் படம் பெரும்பாலும் இல்லை, நாம் பார்ப்பது எடை ஏறி மிடில்வெயிட்டுக்கு வந்த ராபின்சனை. எல்லோரும் கும்பிடுகிற அந்த ஆளை நாம் பார்த்ததேயில்லை. அதனால் வெல்டர்வெயிட் ராபின்சனை வைத்து யாராவது மோதல் கேட்டால் பக்கத்தைத் திறந்து தேதி போட்டு, 'தீர்ப்பு இல்லை' என்று எழுதி மூடிவிடுகிறேன்.

இதையெல்லாம் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். 1960-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் செய்துவிட்டார்கள். 1967-ல் வானொலிக்காகப் பழைய சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் போட்டி நடத்தினார்கள், மார்சியானோ ஜெயித்தார். அலியைப் பழைய சாம்பியன் ஜெஃப்ரீஸிடம் தோற்கவைத்ததால் அலி வழக்கே போட்டார். பிறகு 1969-ல் அலியையும், ஓய்வுபெற்ற மார்சியானோவையும் நிஜமாகவே ரிங்கில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். படம் திரைக்கு வருமுன் அந்த ஆகஸ்டில் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13-வது ரவுண்டில் நாக்அவுட்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். இரண்டு முடிவையும் எடுத்து வைத்திருந்தார்கள். மெஷினுக்குள் போடுகிற எண்ணைத் தேர்ந்தெடுப்பது மனுஷன்தான் என்பதால் நோட்டும் பேனாவும் எனக்குப் போதும்.

இப்போது சண்டையை நடத்தலாம். முடிவை முதலில் எழுதாதீர்கள். நான் மூன்றாக வெட்டுவேன்: முதல் நான்கு, நடு நான்கு, கடைசி. அலி 1966, டைசன் 1988, 12 ரவுண்டு, முந்தின நாள் எடை. முதல் நான்கு டைசனுடையது. அலியின் ஜாப்பைத் தலையசைத்துத் தாண்டி உள்ளே வந்து உடம்பில் அடிக்கிறார், பின்னால் இழுத்த தலையை ஒரு இடது ஹூக் எட்டிவிடுகிறது. அலி விழுகிறார், எழுகிறார். அவர் எழுவார் என்பதற்கு 1971 சாட்சி. நடு நான்கில் ஜாப் விழ ஆரம்பிக்கிறது, பிடி அதிகமாகிறது. டைசன் கூட்டுக் குத்தை விட்டு ஒற்றைக் குத்துக்கு இறங்குகிறார், டக்கரிடம் அப்படித்தான் இறங்கினார். கடைசி நான்கு அலியின் வீட்டு முற்றம்.

தீர்ப்பையும் ஒற்றை வரியில் போடமாட்டேன். பத்துத் தடவை மோதினால் எத்தனை? 12 ரவுண்டில் அலி ஆறு, டைசன் நான்கு. 15 ரவுண்டில் அலி ஏழு, ஏனென்றால் டைசன் 12-ஐத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. 1971 அலியாக இருந்தால் நோட்டைப் பாருங்கள், டைசனுக்கு ஆறு எழுதியிருக்கிறேன். மருமகன் எட்டு என்கிறான். அவனுக்கு என் கையெழுத்துக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன், காரணத்தோடு எழுதட்டும்.

போன மாதம் எதிர்த்த வீட்டுப் பிள்ளை பட்டறைக்கு வந்தாள். அண்ணா விளையாட்டரங்கில் பயிற்சிக்குப் போகிறாள், பத்தாவது படிக்கிறாள்.

"தாத்தா, எப்பவும் அலி, டைசன்தானா? மேரி கோமையும் நிகத் ஸரீனையும் மோதவிடுங்க."

"அவங்க நெசமாவே மோதியாச்சே ஏட்டி. 2019 டிசம்பர், டெல்லி, தேர்வுப் போட்டி. மேரி 9-1."

"அது 37 வயசு மேரி, 23 வயசு நிகத். நிகத் உலகப் பட்டம் வாங்குனதே 2022-லதான?"

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. தேதி கேட்கிறாள். அவளையே நோட்டை எடுக்கச் சொன்னேன். 2010-ல் 48 கிலோவில் ஐந்தாவது உலகப் பட்டம் வாங்கிய மேரி. 2023-ல் டெல்லியில் 50 கிலோவில் ஜெயித்த நிகத். எடை 50 என்று வைத்தோம், மேரி ஒரு படி ஏறி வரட்டும். லண்டன் ஒலிம்பிக்கில் மேரி 51 கிலோவுக்கு ஏறி நிக்கோலா ஆடம்ஸிடம் 11-6 என்று தோற்றது அவளுக்கு ஒத்த ஆள் கணக்காகத் தானாகவே தோன்றியது. சட்டத்தில் மாட்டிக்கொண்டாள். மேரி காலத்தில் பெண்களுக்கு இரண்டு நிமிடம் வீதம் நான்கு ரவுண்டு, அடியை எண்ணிக் கம்ப்யூட்டரில் புள்ளி. நிகத் காலத்தில் மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவர்கள் பத்துக்குப் புள்ளி போடுவது. சட்டென்று உள்ளே நுழைந்து சுத்தமாக இரண்டு குத்துப் போட்டு வெளியேறும் சவுத்பாவுக்கு (இடதுகைக்காரி) முதல் சட்டம் லாபம். ரவுண்டு முழுக்க ஆளைத் தள்ளிக்கொண்டு போகிறவளுக்கு இரண்டாவது.

ரெண்டு சட்டத்திலும் ஒரு தடவை நடத்தலாமா என்று கேட்டாள். இரண்டு பக்கம் ஒதுக்கிக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். மேரியின் 2010 பக்கம் எழுதி முடித்துவிட்டாள். நிகத்தின் டெல்லி இறுதிச் சண்டையைச் சத்தத்தை அணைத்துவிட்டு இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே பட்டறையில் வைத்துப் பார்க்கிறோம், முதல் தடவை காலை மட்டும்.